கஜா அன்னிக்கு நின்ன டில்லர்

எங்க வீட்டு பவர் டில்லர், கைப்பிடியைப் பிடிச்சு பின்னாடி நடந்து உழற ரெண்டு சக்கர வண்டி, திரும்ப ஓடுது. 2018 நவம்பர் 15 சாயங்காலம் அப்பா தோப்புலேருந்து ஓட்டிக்கிட்டு வந்து கொட்டாயில நிறுத்துனாரு, அன்னிக்கு ராத்திரிதான் கஜா வந்துச்சு, விடிஞ்சு பாத்தா கொட்டாய் மேல ரெண்டு தென்னை விழுந்து கிடக்கு, அதுக்கு அடியில தகரம், அதுக்கு அடியில டில்லர். அன்னிலேருந்து நின்ன இடத்துலயே நின்னுச்சு. ஆறரை வருசம். இந்த வருசம் வைகாசியிலதான் திரும்ப சத்தம் கேட்டோம்.

எங்க ஊரு பேராவூரணி பக்கம். புயல் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுலன்னாலும் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடுன்னு இந்தப் பக்கம் பூரா தென்னையை வாரிப்போட்டுட்டுப் போயிருச்சு. எங்களுக்கு ரெண்டு ஏக்கர், 140 மரம். மறுநாள் காலையில எண்ணிப் பாத்தப்ப நின்னது 11. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் சேத்து 1,100 ரூபா குடுத்துச்சு. கரண்டு வரவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த நேரத்துல டில்லர் என்ன ஆச்சுன்னு யாரு பாப்பா, மரத்தை அறுத்து எடுத்தோம், தகரத்தை இழுத்துப் போட்டோம், வண்டி மேல ஒரு தார்ப்பாயைப் போத்தி கயிறு கட்டி விட்டோம், அந்தத் தார்ப்பாயும் முதல் கோடையிலேயே வெயில்ல நார் நாரா போயிருச்சு.

2019 ஆடியில புதுசா கன்னு வச்சோம். நெட்டை ரகம், 25 அடிக்கு 25 அடி. இப்ப ஒன்னு ரெண்டு பாளை விட ஆரம்பிச்சிருக்கு. ஆனா நடுவுல இருக்கற இடம் பூரா கோரையும் அருகும் மண்டிப்போச்சு. வாடகைக்கு டிராக்டர் விட்டுப் பாத்தோம், இளம் மரத்துல மட்டை தரையைத் தொடற மாதிரி தொங்கும், பெரிய டிராக்டர் உள்ள போய் திரும்புனா மட்டை ஒடிஞ்சுதான் வெளிய வரும், ஒரே நாள்ல பதினாறு மரத்துல மட்டை போச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்புடும்போது அப்பா ஒன்னும் பேசல. நான் பாட்டுக்கு "டில்லரைப் பாப்பமாப்பா"ன்னு கேட்டேன்.

அதுக்கு முந்தி ஒரு தடவை காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு எடுத்துக்கறேன்னு விலை பேசுனாரு, பின்னாடி மண்ணைக் கிளறற ரோட்டரியோட சேத்தா ஏறக்குறைய 400 கிலோ வரும். அம்மாவுக்கு குடுத்துரலாம்னுதான். அப்பா மட்டும் "ஓடிக்கிட்டு இருந்த வண்டி அது"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்ப எனக்கு அது வெறும் ஆசையில சொன்ன மாதிரி இருந்துச்சு. இப்ப யோசிச்சா மொத்த ரிப்பேருக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வழி காட்டுச்சு. ஓடும்போது ஏதோ உடைஞ்சு நின்ன என்ஜினா இருந்தா உள்ள எது உடைஞ்சிச்சுன்னு தேடணும். இது அப்படி இல்ல, முந்துன நாள் சாயங்காலம் வரைக்கும் நல்லா உழுத வண்டி. அப்படின்னா இதுல இருக்கற கோளாறு எல்லாமே சும்மா நின்னதால வந்த கோளாறு. தண்ணி, துரு, பழைய டீசல், எலி, குளவி, இந்த அஞ்சு பேருதான் குத்தவாளி. இந்த அஞ்சும் எங்கெங்க போயிருக்கும்னு பாத்தா போதும்.

வண்டி 2006ல வாங்குன வி.எஸ்.டி. சக்தி 130 டி.ஐ., வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்துல எடுத்தது. எங்க பக்கம் பெரியவங்க இன்னும் மிட்சுபிஷின்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா பெங்களூர்ல அந்தக் கம்பெனி 1967ல ஜப்பான் மிட்சுபிஷி கூட்டோடதான் ஆரம்பிச்சுது. வி.எஸ்.டி.ங்கறது வி.எஸ். திருவேங்கடசாமி முதலியாரோட பேரு. கேரளாவுல அத்தாணியில இருக்கற காம்கோ கம்பெனி ஜப்பான் குபோட்டா கூட்டுல செய்ய ஆரம்பிச்ச டில்லரும் நம்ம பக்கம் நிறைய ஓடுது, டில்லர் வச்சிருக்கறவங்க ரெண்டு பேரு சேந்தா மிட்சுபிஷியா குபோட்டாவான்னு பேச்சு வராம இருக்காது. எங்களோடது 13 குதிரைசக்தி, ஒரே சிலிண்டர், தண்ணியில குளிர்ற டீசல் என்ஜின். போர், அதாவது சிலிண்டரோட உள் அகலம், 95 மில்லிமீட்டர், பிஸ்டன் போய் வர்ற தூரமான ஸ்ட்ரோக்கும் 95, 673 சிசி. சிலிண்டர் நிமிந்து நிக்காது, படுத்த வாக்குல முன்னாடி பாத்து இருக்கும். இந்தப் படுத்த சிலிண்டர் விஷயத்தை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வரும். செல்ஃப் மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, ஹேண்டில் போட்டு சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஆறரை வருசம் நின்ன வண்டிக்கு இது ஒரு பெரிய நல்லது, வயர் கோளாறுன்னு ஒன்னு இல்லவே இல்ல.

நான் திருச்சியில வேலை பாக்கறேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வந்து, ஞாயித்துக்கிழமை பூரா வண்டிகிட்ட உக்காந்து, திங்க விடியக்காலம் திரும்பிப் போறது. இப்படி ஒம்போது வாரம். சொன்னா ரொம்ப நாள் மாதிரி தெரியும், ஆனா இந்த வேலைக்கு அந்த இடைவெளிதான் நல்லதாப் போச்சு. ஊற வைக்க வேண்டியது ஊறும், அதுக்குள்ள அடுத்தது என்னன்னு யோசிக்கலாம்.

முதல் ஞாயிறு ஒரு ஸ்பேனரும் எடுக்கல. கழுவுறது மட்டும்தான். பெல்ட்டு மூடியைக் கழட்டுனா உள்ள எலி வளை, தேங்கா நாரும் தார்ப்பாய் நூலும் வச்சு மெத்தை மாதிரி கட்டியிருக்கு, மூனு பெல்ட்டையும் பல்லு பல்லா கடிச்சு வச்சிருக்கு. ரோட்டரி கத்தியில பாதிக்கு மேல கரையான் புத்து. அதெல்லாம் பரவால்ல. என்னைப் பயமுறுத்துனது ஏர் கிளீனர். தென்னை விழுந்ததுல அது ஒரு பக்கமா கிழிஞ்சு போய் கிடந்துச்சு, அதை எடுத்துட்டு காத்து உள்ள போற குழாய்ல விரலை விட்டா கெட்டியா ஏதோ தட்டுப்படுது. குளவி கூடு. குழாயை அடைச்சு மண்ணால கட்டியிருக்கு, சின்னச் சின்ன அறையா, ஒவ்வொரு அறையிலயும் காஞ்சு போன பூச்சி. அதை அப்படியே வச்சு ஹேண்டில் போட்டு சுத்தியிருந்தா அந்த மண்ணு பூரா சிலிண்டருக்குள்ள போயிருக்கும், மண்ணும் எண்ணெயும் சேந்தா அது அரைக்கற பசை, பிஸ்டன் ஓடற உள்குழாயான லைனரை ஒரே நாள்ல முடிச்சிரும். ரொம்ப நாள் நின்ன வண்டியைப் பாத்ததும் "ஒரு தடவை சுத்தித்தான் பாப்பமே"ன்னு கை துறுதுறுக்கும். தயவுசெஞ்சு சுத்தாதீங்க. முதல்ல காத்து போற வழியைப் பாருங்க.

சைலன்சர் அடியோட ஒடிஞ்சு போயிருந்துச்சு. எக்ஸாஸ்ட் ஓட்டை ஆறு மழைக்காலம் வானத்தைப் பாத்துக்கிட்டு திறந்து கிடந்திருக்கு. அதைப் பாத்துட்டு அப்பா நெத்தியில கை வச்சுக்கிட்டாரு. அவரு எப்பவும் வண்டியை நிறுத்துன உடனே ஃபிளைவீலை, என்ஜின் பக்கவாட்டுல இருக்கற கனமான சக்கரத்தை, கையால மெதுவா சுத்தி, சிலிண்டர்ல காத்து அமுங்கி கம்ப்ரஷன் இறுகுற இடத்துல கொண்டாந்து விடுவாரு. அந்த இடத்துல ரெண்டு வால்வும் மூடியிருக்கும், மழை ஈரம் உள்ள போகாது. டில்லர் வாங்குனப்ப சொல்லிக்குடுத்த பழக்கம், பன்னெண்டு வருசம் தவறுனதில்ல. அன்னிக்கு சாயங்காலம் காத்து கிளம்பிருச்சு, மாட்டை அவுத்துக் கட்டணும், அவசரத்துல விட்டுட்டாரு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்த வாக்குல நின்னுருக்கு. தண்ணி நேரா சிலிண்டருக்குள்ள. ஃபிளைவீல் மயிரிழை கூட அசையல.

எண்ணெயை இறக்குனோம். பால் விட்ட காப்பி மாதிரி வந்துச்சு, எண்ணெயில தண்ணி கலந்தா அந்த நிறம்தான். ரேடியேட்டர் தண்ணியை இறக்கி, டீசல் டேங்கைக் கழட்டி வச்சுட்டு, சிலிண்டர் வாயை மூடியிருக்கற ஹெட்டைக் கழட்டினோம். பிஸ்டன் பாதி வழியில நிக்குது. சுத்தி காவி நிறம்.

இப்ப ஊற வைக்கணும். பிஸ்டன் மேல டீசலும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் சரிபாதி கலந்து ஊத்தி விட்டா துருவுக்குள்ள இறங்கும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச வழி. ஆனா சிலிண்டர்தான் படுத்திருக்கே, ஊத்துனா வெளிய கொட்டிரும். நான் துணியை நனைச்சு அடைச்சு வைக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன், அப்பா சேர்ல உக்காந்த வாக்குலயே "கைப்பிடியை அமுத்துடா"ன்னாரு. அவ்ளோதான் விஷயம். டில்லருக்கு ரெண்டே சக்கரம், பின்னாடி கைப்பிடியை தரைக்கு அமுத்துனா மூக்கு மேல தூக்கும், சிலிண்டர் வாய் வானத்தைப் பாக்கும். நாலு பேரா வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய், கஜாவுல தப்பிச்ச 11 மரத்துல ஒன்னு கொட்டாய்க்குப் பக்கத்துல நிக்குது, அதோட அடியில கைப்பிடியைச் சேத்து வடக்கயித்தால இறுக்கிக் கட்டுனோம். சிலிண்டர் ஒரு கிணறு மாதிரி நின்னுச்சு. அதுல கலவையை ஊத்தி மேல பலகையைப் போட்டு, பலகை மேல பிளாஸ்டிக் வாளியைக் கவுத்து விட்டு திருச்சிக்குப் போயிட்டேன்.

அடுத்த வாரம் வந்து பாத்தா மட்டம் ஒரு விரக்கடை இறங்கியிருந்துச்சு. எனக்கு அவ்ளோ சந்தோசம். இறங்குதுன்னா பிஸ்டனைச் சுத்தியிருக்கற ரிங்கைத் தாண்டி கீழ போகுதுன்னு அர்த்தம், போற வழியில துருவை இளக்கிக்கிட்டுப் போகுது. திரும்ப ஊத்தி விட்டோம். மூனாவது வாரம் தச்சுப்பட்டறையில வேப்பங்கட்டையில 90 மில்லிமீட்டருக்கு ஒரு உருளை இழைச்சு வாங்கிட்டு வந்தேன், போர் 95ங்கறதால லைனர்ல உரசாம உள்ள போகும். கட்டையை பிஸ்டன் மேல வச்சு சுத்தியலால அடிக்கணும், ஆனா ஓங்கி அடிக்கக் கூடாது, தட்டணும். ஓங்கி அடிச்சா பிஸ்டன் நெத்தி வெடிக்கும், இல்ல கனெக்டிங் ராடு வளையும். அப்பா ஃபிளைவீல் மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு உக்காந்தாரு. ஒரு தட்டு, நிறுத்து. ஒரு தட்டு, நிறுத்து. முக்கா மணி நேரம் ஒன்னும் இல்ல. டீ குடிச்சுட்டு வந்து திரும்ப உக்காந்து ஏழோ எட்டோ தட்டிருப்பேன், எனக்கு கண்ணுக்கு ஒன்னும் தெரியல, அப்பா மெதுவா "வந்துருச்சு"ன்னாரு. கைக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஃபிளைவீலை இந்தப் பக்கம் ஒரு நூல் அந்தப் பக்கம் ஒரு நூல்னு ஆட்டி ஆட்டி, கொஞ்சம் கொஞ்சமா விட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு முழுச் சுத்து வந்துச்சு. அம்மா உள்ளேருந்து வந்து பாத்துட்டு திருநீறு எடுத்துட்டு வந்து டேங்கு இருந்த இடத்துல பூசிட்டுப் போனாங்க.

பிஸ்டனை வெளிய எடுத்தா ரெண்டு ரிங்கு துருப்பிடிச்சு காடியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு, எடுக்கும்போதே உடைஞ்சிருச்சு. லைனரைத் துடைச்சுட்டுப் பாத்தா மேல்பாதி கண்ணாடி மாதிரி இருக்கு, கீழ்ப்பாதியில மட்டும் பிறை மாதிரி துரு தின்ன தடம். சிலிண்டர் படுத்திருந்ததால தண்ணி கீழ மட்டும் தேங்கியிருக்கு. எமரி பேப்பர் போட்டு தேச்சு புது ரிங்கு போட்டு ஓட்டிரலாமான்னு எனக்கு ஒரு நப்பாசை. பட்டுக்கோட்டையிலேருந்து வந்த மெக்கானிக் அண்ணன் ஒன்னும் சொல்லாம என் விரலைப் பிடிச்சு நகத்தால லைனர்ல தடவ வச்சாரு. நகம் மாட்டுது. "நகம் மாட்டுற இடத்துல ரிங்கும் மாட்டும் தம்பி, மாத்திருங்க"ன்னாரு. லைனர், பிஸ்டன், ரிங்கு முழு செட்டும் மாத்துனோம். பழைய லைனரை போல்ட்டும் பட்டையும் வச்சு இழுத்து எடுத்தப்ப பின்னாடி தண்ணி ஓடற இடம் பூரா செம்மண் குழம்பு மாதிரி துரு, எங்க போர்வெல் தண்ணி கொஞ்சம் உப்பு, அதுவும் சேந்து படிஞ்சிருக்கு. கரண்டியால சுரண்டி எடுத்தோம். வெறுமனே ரிங்கை மட்டும் மாத்தியிருந்தா அந்தக் குழம்பு உள்ளயே இருந்து ஒரு மணி நேரத்துல என்ஜின் சூடேறியிருக்கும். புது லைனர் ஓ ரிங்குல சோப்புத் தண்ணி தடவி, முறுக்கிக்காம பாத்து இறக்கணும், அது முறுக்கிக்கிட்டா தண்ணி எண்ணெயில இறங்கிரும், திரும்பப் பழைய காப்பிதான்.

வால்வு தேய்க்கிறதை நானே பண்ணேன். சக்கர் வச்ச குச்சியை வால்வு மேல ஒட்டி, பசையைத் தடவி, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல மத்து கடையற மாதிரி உருட்டணும், அப்பப்ப தூக்கி கால் சுத்து திருப்பி வச்சு திரும்ப உருட்டணும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. உக்கார்ற இடத்துல சாம்பல் நிறத்துல ஒரே அகலத்துக்கு வளையம் விழுந்தா சரி. அப்புறம் ஹெட்டை சாய்ச்சு போர்ட்டுக்குள்ள டீசலை ஊத்தி வச்சேன், காலையில பாக்கும்போது ஒரு சொட்டு ஒழுகல.

டீசல் பக்கம்தான் பொறுமையை ரொம்ப சோதிச்சது. டேங்கைத் திறந்தா டீசல் இல்ல, கறுப்பா வழவழன்னு கூழு மாதிரி ஒன்னு. டீசல்ல தண்ணி சேந்து ரொம்ப நாள் நின்னா அதுல கிருமி வளரும், அதோட பாசிதான் அது. ரெண்டு கைப்பிடி சின்ன ஜல்லியும் ஒரு லிட்டர் டீசலும் போட்டு மூடி, நானும் சித்தப்பா பையனும் மாத்தி மாத்தி குலுக்குனோம், ஆறு தடவை மாத்தி ஊத்துன பிறகுதான் தெளிவா வந்துச்சு. ஃபில்டரும் ரப்பர் டியூபும் புதுசு, இதுல மிச்சம் பிடிக்கக் கூடாது. அடுத்து டீசல் பம்பு. உள்ள ராக்னு ஒரு பல்லு வச்ச தண்டு இருக்கும், எவ்ளோ டீசல் போகணும்ங்கறதை அதுதான் திருப்பிக் குடுக்கும். அது ஆஃப் பண்ண நிலையிலேயே ஒட்டிக்கிச்சு. பம்பைக் கழட்டி அப்படியே டீசல்ல ஒரு வாரம் முக்கிப் போட்டோம், விரலால தள்ளுனா வழுக்கிக்கிட்டு போய் வர்ற வரைக்கும். உள்ள டீசலை அழுத்தித் தள்ளற பிளஞ்சரைப் பிரிக்கல. அது ஒன்னுக்கு ஒன்னு ஜோடி சேத்து தேச்சது, ஒரு தூசி பட்டா போச்சு, அதுக்குன்னு பம்பு சர்வீஸ் கடை இருக்கு.

சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்கற நாசிலை அந்தக் கடைக்குத்தான் கொண்டு போனேன். டெஸ்ட் பம்புல மாட்டி அடிச்சா முதல்ல குழாய்த் தண்ணி மாதிரி ஒரே கோடா வந்துச்சு. கழுவி, ஊசியை மாத்தி, அழுத்தத்தை செட் பண்ணி அடிச்சா பனி மாதிரி பரவுச்சு. அந்த ஸ்ப்ரேக்கு முன்னாடி கையைக் காட்டவே கூடாது. டீசல் அந்த அழுத்தத்துல தோலைக் குத்திக்கிட்டு சதைக்குள்ள போயிரும், வெளிய பாத்தா ஊசி குத்துன மாதிரிதான் இருக்கும், உள்ள கையே அழுகிப் போற அளவுக்குப் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். கடைக்காரர் அங்க நின்ன எல்லாரையும் பின்னாடி தள்ளி நிக்கச் சொல்லிட்டுத்தான் அடிச்சாரு.

ஒம்போதாவது ஞாயிறு எல்லாம் மாட்டி முடிச்சாச்சு. புது எண்ணெய், புது பெல்ட்டு, வெல்டிங் வச்ச ஏர் கிளீனர், புது சைலன்சர். வளைஞ்ச இடது கைப்பிடியை பட்டறையில காய்ச்சி நிமித்தியாச்சு, அதுல இருக்கற, வண்டியைத் திருப்பறதுக்கான ஸ்டியரிங் கிளட்ச் கேபிளும் மாத்தியாச்சு.

முதல்ல ஏர் எடுக்கணும், அதாவது டீசல் போற வழியில மாட்டியிருக்கற காத்தை வெளிய விடணும். ஃபில்டர் திருகைத் தளத்தி விட்டா முட்டை முட்டையா நுரை வரும், நுரை நின்னு டீசல் மட்டும் வந்ததும் இறுக்கணும். அப்புறம் பம்புல அதே மாதிரி. கடைசியா நாசில்கிட்ட பைப் நட்டைத் தளத்தி, கம்ப்ரஷன் இறுகாம விடற டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி வச்சுக்கிட்டு ஹேண்டிலை சுத்தணும், அங்கயும் டீசல் குதிச்சதும் இறுக்கிரணும். இப்ப மெதுவா சுத்துனா ஒவ்வொரு ரெண்டு சுத்துக்கும் ஒரு தடவை ஹெட்டுக்குள்ளேருந்து "க்ரிக்"னு ஒரு சத்தம் வரும். மரப்பல்லி கத்துற மாதிரி சின்ன சத்தம். நாசில் தெறிக்கிற சத்தம் அது. அதைக் கேக்க அப்பா கண்ணை மூடி தலையை ஹெட்டுகிட்ட சாய்ச்சு வச்சுக்கிட்டாரு. மூனாவது சுத்துல வந்துச்சு. அஞ்சாவதுல வந்துச்சு. "டீசல் வந்துருச்சு, இனி அது வேலை"ன்னாரு.

ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி ஒரு ஆளு கையில ஈரச் சாக்கையும் பலகையையும் குடுத்து ஏர் கிளீனர் பக்கத்துல நிக்க வச்சோம். ராக் ஒட்டியிருந்த பம்பு, திரும்ப ஃபுல் திறந்த நிலையில ஒட்டிக்கிச்சுன்னா என்ஜின் கட்டுக்கடங்காம ஓடும், சாவி திருப்பி நிறுத்த இது பைக் இல்ல, காத்தை அடைச்சாத்தான் நிக்கும். அது தேவைப்படல, ஆனா நிக்க வச்சது சரிதான். ஹேண்டில் பிடிக்கறப்ப கட்டைவிரல் மத்த நாலு விரல் இருக்கற பக்கமே இருக்கணும், சுத்திப் பிடிக்கக் கூடாது, எதிரடி அடிச்சா கட்டைவிரல் போயிரும். இதுவும் அப்பா சொன்னது, எனக்கு பன்னெண்டு வயசுல சொன்னது.

முதல் பத்து தடவை வெள்ளைப் புகை மட்டும். டீசல் போகுது, எரியல. ரிங்கு புதுசு, இன்னும் லைனரோட படியல, அதனால கம்ப்ரஷன் பத்தல. மெக்கானிக் அண்ணன் ரெண்டு ஸ்பூன் என்ஜின் ஆயிலை காத்து போற குழாய்ல விட்டு "இப்ப சுத்துங்க தம்பி"ன்னாரு. எண்ணெய் ரிங்கு இடுக்கை அடைச்சுக்கிட்டா அந்தக் கொஞ்ச நேரத்துக்கு கம்ப்ரஷன் ஏறும். இடது கையில லிவர், வலது கையில ஹேண்டில், எட்டு சுத்து வேகமா சுத்தி லிவரை விட்டேன். டொக். நின்னுச்சு. திரும்ப. டொக், டொக், நின்னுச்சு. என் தோள் கழண்டு போச்சு, சித்தப்பா பையன் வாங்கிக்கிட்டான். அவன் சுத்தி விட்டான் பாருங்க, டொக் டொக் டொக்னு ஆரம்பிச்சு நிக்கல. தோப்பு பூரா வெள்ளைப் புகை, அப்புறம் கறுப்பு, அப்புறம் ஒரு அஞ்சு நிமிசத்துல புகையே கண்ணுக்குத் தெரியல, ஒரே சீரா ஓடுது. பக்கத்துத் தோப்பு மாமா வேலி ஓரமா வந்து நின்னு "மிட்சுபிஷி சத்தமாச்சே"ன்னாரு. அப்பா அவரைப் பாத்து கையைக் காட்டுனாரு, பேசல, பேசியிருந்தாலும் அந்தச் சத்தத்துல கேட்டிருக்காது. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு, எனக்கும்தான்.

அன்னிக்கு அரை மணி நேரம் சும்மா ஓட விட்டு, எண்ணெயை திரும்ப இறக்கி புதுசு ஊத்துனோம், உள்ள மிச்சம் இருந்த அழுக்கு பூரா அதோட வந்துரட்டும்னு. ரேடியேட்டர் ஹோஸ் ஒரு இடத்துல கசிஞ்சுது, கிளாம்ப் போட்டதும் நின்னுச்சு. மொத்தச் செலவு புது டில்லர் விலையில கால் பங்கு கூட வரல, அதுல லைனர் செட்டும் நாசிலும்தான் பெருசு.

அடுத்த வாரம் உழுதோம். மரத்தைச் சுத்தி ரெண்டு பக்கமும் ஆறடி வட்டப்பாத்திக்கு விட்டுட்டா நடுவுல 13 அடி, ரோட்டரி அகலம் 60 சென்டிமீட்டர், வரிசைக்கு ஏழு சால். மட்டைக்கு அடியில குனிஞ்சு போய் திரும்புனப்பவும் ஒரு மட்டை ஒடியல. வாய்க்கால் சரிவுல இறங்கும்போது மட்டும் அப்பா கத்துனாரு, இறக்கத்துல ஸ்டியரிங் கிளட்ச் தலைகீழா வேலை செய்யும், இடது பக்கம் திருப்ப இடதைப் பிடிச்சா வண்டி வலது பக்கம் போகும். தெரிஞ்ச விஷயம்தான், ஆறரை வருசத்துல கை மறந்துருச்சு. கோரைக்கிழங்கு பூரா மேல வந்து வெயில்ல காயுது, கொக்கு ஏழெட்டு பின்னாடியே நடந்து வந்துச்சு. முதல் மழைக்கு சணப்பு விதைக்கணும், பூ எடுக்கற சமயத்துல இதே டில்லர வச்சு மடக்கி உழுதா மரத்துக்கு நல்ல உரம், விதைக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

சாயங்காலம் புதுக் கொட்டாயில கொண்டாந்து நிறுத்துனேன். நான் கை கழுவப் போயிட்டேன். திரும்பிப் பாத்தா அப்பா சேரை விட்டு எந்திரிச்சு வந்து, ரெண்டு கையாலயும் ஃபிளைவீலைப் பிடிச்சு மெதுவா சுத்தி, இறுகுற இடத்துல விட்டுட்டு, ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து சைலன்சர் மேல கவுத்து வச்சுக்கிட்டு இருந்தாரு.